பேசுவதற்கு மட்டும் ஒரு வயர்லெஸ் ஹெட்செட்: 2,500 ரூபாய்க்குள் எது நல்லது?

நொய்யல் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். காலையிலிருந்து இரவு வரை போன்தான் வேலை. டையிங்கில் துணி இறங்கியதா, பிரிண்டிங் எப்போது முடியும், பவர் டேபிளில் எத்தனை பீஸ் ஓடியது, பையிங் ஆபீஸுக்கு சாம்பிள் போய்ச் சேர்ந்ததா என்று ஒன்று முடிந்தால் இன்னொன்று. பாதி நேரம் ஆபீஸ் அறையில் இருப்பேன். மீதி நேரம் தையல் யூனிட்டுக்குள், ஓவர்லாக் மிஷின்களுக்கு நடுவில்.

இப்போது ஒரு நெக்பேண்ட் வைத்திருக்கிறேன். பெட்டியில் இஎன்சி, எச்டி கால், 40 மணி நேரம் பேட்டரி என்றெல்லாம் போட்டிருந்தது. பாட்டு அருமையாகக் கேட்கிறது. எதிரில் பேசுபவர் குரலும் எனக்குத் தெளிவாகத்தான் இருக்கிறது. நான் பேசுவதுதான் அவர்களுக்குப் புரியவில்லை. தகர டப்பாவுக்குள் இருந்து பேசுவது போல இருக்கிறதாம். 'சார், போனைக் காதில் வச்சுப் பேசுங்க' என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஸ்டைல் நம்பரில் நான் 'எஸ்' என்று சொன்னால் அவர்கள் 'எஃப்' என்று எழுதிக்கொள்கிறார்கள். ஒரு எழுத்து மாறினால் துணி வேறு கலரில் வந்து இறங்கும். அதனால் இது எனக்குச் சின்ன விஷயம் இல்லை.

பாட்டுக் கேட்கத் தேவையில்லை. பேச மட்டும் போதும். ஒரு காது திறந்திருந்தால் யூனிட்டில் கூப்பிடுவது கேட்கும். பைக்கில் போகும்போதும் எடுக்க முடிந்தால் நல்லது. ஆண்ட்ராய்டு போன், இரண்டு சிம். பட்ஜெட் 2,500. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

அண்ணா, நான் மதுரையில் வீட்டிலிருந்தே வாடிக்கையாளர் சேவை வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க ஹெட்செட்தான். ரிவ்யூ வீடியோக்களை நம்பி வாங்காதீர்கள். அவற்றில் பத்து நிமிஷம் பாட்டில் பேஸ் எப்படி இருக்கிறது என்று பேசிவிட்டு, மைக்கைப் பற்றி ஒரு வரியில் 'கால் குவாலிட்டி டீசன்ட்' என்று முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வரியையும் அமைதியான அறையில் உட்கார்ந்து சொல்லியிருப்பார்கள்.

நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: மைக் உங்கள் வாயிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது. நெக்பேண்டில் அது கழுத்துப் பட்டையிலோ ஒயரிலோ, காலருக்குப் பக்கத்தில் தொங்கும். காதுக்குள் வைக்கும் பட்ஸில் கன்னத்தின் ஓரத்தில் நிற்கும். தண்டு வைத்த ஹெட்செட்டில்தான் வாயோரம் வரும். எங்கள் வேலையில் தண்டு மைக் இல்லாத ஹெட்செட்டை அனுமதிப்பதே இல்லை.

பட்டறை எழுதியது:

வைகைக்கரை சொன்னதற்குக் கணக்கு இருக்கிறது. தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். வாயிலிருந்து 3 சென்டிமீட்டரில் உள்ள மைக்கோடு ஒப்பிட்டால் 24 சென்டிமீட்டரில் உள்ள மைக்குக்கு உங்கள் குரல் 18 டெசிபல் வரை குறைவாகப் போய்ச் சேரும். ஆனால் ஓவர்லாக் சத்தம் இரண்டு மைக்குக்கும் ஒரே அளவுதான், ஏனென்றால் அது அறை முழுக்க நிறைந்திருக்கிறது. அப்புறம் எந்தச் சிப் வந்தாலும் அந்தப் பள்ளத்தை முழுதாக நிரப்ப முடியாது.

நான் சென்னையில் மொபைல் சர்வீஸ் செய்கிறேன். ரிச்சி தெருவில் பல வருஷம் இருந்தேன். உங்கள் கேள்வியில் இன்னொரு பாதியும் இருக்கிறது. பாட்டு அருமையாக இருக்கும் அதே ஹெட்செட்டில் பேச்சு ஏன் மோசமாகிறது என்று கடைக்கு வருகிறவர்கள் நிறையப் பேர் கேட்பார்கள். காரணம், புளூடூத்தில் பாட்டுக்கும் பேச்சுக்கும் தனித்தனி வழி. பாட்டு ஏ2டிபி என்ற வழியில் போகிறது. அது ஒருவழிப் பாதை, அகலமானது. கால் வந்த உடனே போன் அதை விட்டுவிட்டு எச்எஃப்பி என்ற இருவழிப் பாதைக்கு மாறும். அது குறுகலானது. அதில் பழைய முறை சிவிஎஸ்டி. குரலை வினாடிக்கு 8,000 முறை மாதிரி எடுக்கும். 2011-ல் எச்எஃப்பி 1.6 வந்தபோது எம்எஸ்பிசி என்ற புது முறை சேர்ந்தது. அது 16,000 முறை எடுக்கும். கேட்டால் வித்தியாசம் உடனே தெரியும். ஆனால் போன், ஹெட்செட் இரண்டிலும் அது இருக்க வேண்டும். ஒன்றில் இல்லாவிட்டாலும் பழைய முறைக்கே இறங்கிவிடும்.

உங்கள் 'எஸ்', 'எஃப்' குழப்பமும் இங்கேதான் பிறக்கிறது. பழைய தொலைபேசி வழி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கொண்டுபோகும். 'ஸ்' என்ற ஒலியின் பெரும்பகுதி 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. அதை வெட்டிவிட்டால் மிச்சம் இருப்பது 'எஸ்'ஸா 'எஃப்'பா என்று யாராலும் சொல்ல முடியாது. அவர்கள் காது மந்தம் இல்லை, நீங்கள் தெளிவில்லாமல் பேசவும் இல்லை.

அதனால் வாங்கும் முன் ஹெட்செட்டின் விவரப் பக்கத்தில் 'எச்டி வாய்ஸ்' அல்லது 'வைட்பேண்ட்' என்று இருக்கிறதா பாருங்கள். அப்புறம் உங்கள் போனில் வோல்ட்டி, அதாவது 4ஜி வழியாகவே கால் பேசும் வசதி, இயங்குகிறதா பாருங்கள். அது அணைந்திருந்தால் சில நெட்வொர்க்குகளில் கால் நேராக 2ஜிக்கு இறங்கும். 2ஜியில் போனால் எவ்வளவு விலை கொடுத்த ஹெட்செட்டும் குறுகிய வழியில்தான் பேசும். இரண்டு சிம் போனில் முதல் சிம்முக்கு மட்டும் வோல்ட்டி போட்டுவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். செட்டிங்ஸில் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

புதுமொபைல் எழுதியது:

அப்படியானால் புளூடூத் 5.3 அல்லது 5.4 இருக்கும் ஹெட்செட் எடுத்தால் போதுமே? என் பழைய 4.2-ஐ விட அது நன்றாகத்தானே இருக்கும்?

பட்டறை எழுதியது:

தம்பி, அந்த எண் பேச்சின் தரத்தைச் சொல்வதில்லை. 5 வரிசையில் வந்த பெரிய மாற்றங்கள் பெரும்பாலும் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் எல்இ பக்கத்தில்தான். சாதாரண கால் இன்னும் பழைய கிளாசிக் பக்கத்தில், எச்எஃப்பி வழியாகவே போகிறது. எல்இ ஆடியோ என்று புதிதாக ஒன்று 2020-ல் அறிவித்தார்கள். அதில் எல்சி3 என்ற நல்ல கோடெக், அதாவது குரலைச் சுருக்கி அனுப்பும் முறை, இருக்கிறது. அது வேலை செய்ய போனும் ஹெட்செட்டும் இரண்டுமே எல்இ ஆடியோ ஆதரிக்க வேண்டும். 5.3 என்று அச்சடித்த எல்லாவற்றிலும் அது இருக்காது. எண்ணுக்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்காதே.

வாட்ஸ்அப் காலில் மாறுமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். மாறாது. வாட்ஸ்அப் தன் பக்கம் நல்ல கோடெக் வைத்திருந்தாலும், உன் ஹெட்செட்டிலிருந்து போன் வரைக்கும் குரல் அதே எச்எஃப்பி வழியில்தான் வரவேண்டும்.

இரவுப்பேருந்து எழுதியது:

தண்டு மைக்தான் ஒரே வழி என்பதை நான் ஏற்கவில்லை. நான் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. விழுப்புரம், திண்டிவனம், புதுச்சேரி என்று சுற்றுவேன். டாக்டர் முன்னால் வாயோரம் தண்டு வைத்துக்கொண்டு போய் நிற்க முடியாது. கீழே குச்சி போல நீண்டிருக்கும் பட்ஸ் வாங்கினேன். 1,800 ரூபாய்க்குள்தான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் காதில் வைப்பேன். இன்னொன்று பெட்டிக்குள் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். ஒன்று இறங்கியதும் மாற்றிவிடுவேன். நாள் முழுக்க சார்ஜ் கவலையே இல்லை. நொய்யல் கேட்ட மாதிரி ஒரு காதும் திறந்திருக்கும். குச்சி இல்லாத குண்டு வடிவ பட்ஸை விட குச்சி உள்ளவற்றில் மைக் வாய்ப்பக்கம் கொஞ்சம் இறங்கியிருப்பதால் குரல் நன்றாகவே போகிறது.

வைகைக்கரை எழுதியது:

அண்ணா, உங்கள் சூழலுக்கு அது சரிதான். கிளினிக் வரவேற்பறையும் கார் உள்ளேயும் அமைதியான இடங்கள். நொய்யல் அண்ணா நிற்பது தையல் யூனிட்டில். பேருந்து நிலையத்துக்குள் நின்று உங்கள் பட்ஸில் பேசிப் பார்த்தீர்களா? எதிரில் இருப்பவர் என்ன சொன்னார்?

இரவுப்பேருந்து எழுதியது:

விழுப்புரம் பேருந்து நிலையத்தில் போனைக் கையில் எடுத்துத்தான் பேசுவேன். அது உண்மை. ஆனால் அங்கே நிற்பது சில நிமிஷம்தான். என் நாளில் பெரும்பகுதிக்கு எது பொருந்துகிறதோ அதைத்தான் வாங்க முடியும். நொய்யல் தன் நாளைக் கணக்குப் பார்த்துச் சொல்லட்டும்: யூனிட்டுக்குள் பேசியே தீர வேண்டிய கால்கள் எத்தனை, வெளியே வந்து பேசக்கூடியவை எத்தனை?

செவிவழி எழுதியது:

நான் கோவையில் ஆடியாலஜிஸ்ட், காது கேட்கும் திறனைப் பரிசோதிப்பவள். ஒரு காது திறந்திருக்க வேண்டும் என்று நொய்யல் கேட்டிருக்கிறார். ஆபீஸ் அறைக்கு அது நல்ல யோசனை. மிஷின் ஹாலுக்குள் அதையே செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

காரணத்தைச் சொல்கிறேன். ஒரே குரல் இரண்டு காதிலும் விழுந்தால், ஒரு காதில் மட்டும் விழுவதை விடக் கூடுதல் சத்தமாக உணர்வோம். ஏறக்குறைய 3 முதல் 6 டெசிபல் கூட்டியது போல இருக்கும். திறந்த காது வழியாக மிஷின் சத்தம் உள்ளே வந்துகொண்டே இருக்கும்போது, மூளை இரண்டையும் பிரிக்கப் படாத பாடு படும். உங்கள் விரல் தானாகவே வால்யூமை ஏற்றும். அப்படி ஏற்றி ஏற்றி ஒரே காதில் வருஷக்கணக்கில் கேட்பவர்கள் என்னிடம் வருகிறார்கள். பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் இரைச்சல் கேட்கிறது என்ற புகாரோடு.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு, வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல். சத்தம் கூடக் கூட அந்த நேரம் வேகமாகக் குறையும். நாள் முழுக்கப் போனில் இருப்பவருக்கு 40 மணி நேரம் என்பது ஒரு வாரத்து வேலைதான். மிஷின் சத்தத்தையும் இதோடு சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். அதனால் யூனிட்டுக்குள் இருக்கும்போது காது முழுதாக அடைபடும் சிலிக்கான் டிப் உள்ளதை இரண்டு காதிலும் வைத்து, வால்யூமைக் குறைத்துப் பேசுவது மேல். அதைவிட மேல், படியிறங்கி வெளியே வந்து பேசுவது. பெட்டியில் வரும் மூன்று அளவு டிப்களில் நடுவில் உள்ளதை அப்படியே போட்டுக்கொள்ளாதீர்கள். மூன்றையும் வைத்துப் பார்த்து, வெளிச்சத்தம் எதில் அதிகம் அடங்குகிறதோ அதைப் போடுங்கள். இடது காதுக்கும் வலது காதுக்கும் அளவு வேறாகவும் இருக்கலாம்.

நொய்யல் எழுதியது:

நன்றி மேடம். இந்தக் கோணத்தில் நான் யோசிக்கவே இல்லை. இரவுப்பேருந்து அண்ணா கேட்டதற்குப் பதில்: யூனிட்டுக்குள் வரும் கால்களில் பெரும்பாலானவற்றை வாசலுக்கு வந்து பேசலாம். ஆனால் கையில் பீஸை வைத்துக்கொண்டு தையலைப் பார்த்தபடியே பேச வேண்டிய சில கால்கள் இருக்கும். 'காலர் இறங்கியிருக்கு, ஊசித்துளை தெரியுது' என்று பார்த்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவைதான் முக்கியமான கால்கள்.

ஏஎன்சி இருந்தால் இந்த மிஷின் சத்தம் எதிரில் கேட்காதா?

பட்டறை எழுதியது:

கேட்கும். ஏஎன்சி உங்கள் காதுக்கானது. வெளிச்சத்தத்தை உங்களுக்குக் குறைத்துக் காட்டும். எதிரில் இருப்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அவருக்கானது இஎன்சி, உங்கள் மைக்கில் குரலோடு புகும் சத்தத்தைக் குறைப்பது. கடையில் இரண்டையும் ஒன்றாகச் சொல்லி விற்கிறார்கள், பில்லில் கூட மாற்றி எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இஎன்சியும் எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி கையாளாது. ஃபேன், ஏசி, மோட்டார் போல ஒரே சீராக ஓடும் சத்தத்தை நன்றாக அடக்கும். ஓவர்லாக் மிஷின் நின்று நின்று ஓடும், டைலர் பெடலை மிதிக்கும்போதெல்லாம் புதிதாகத் தொடங்கும். பக்கத்தில் நாலு பேர் பேசிக்கொண்டிருப்பார்கள். அதில் எது சத்தம், எது உங்கள் குரல் என்று விலை குறைந்த சிப்புக்குத் தெரியாது. சந்தேகம் வந்தால் இரண்டையும் சேர்த்து வெட்டும். தூரத்து மைக்கில் பலவீனமாக வந்த குரலில் பாதியை வெட்டியபின் மிஞ்சுவதுதான் அந்தத் தகர டப்பா ஒலி. மைக் வாய்க்கு அருகில் வந்துவிட்டால் சிப்புக்கு வேலை எளிது. இஎன்சியின் பெயரோ, மைக்குகளின் எண்ணிக்கையோ இரண்டாம் பட்சம். நான்கு மைக் என்று போட்டிருக்கும் பட்ஸில் ஒரு காதுக்கு இரண்டு என்றுதான் அர்த்தம். கால் பேசும்போது பல மாடல்களில் ஒரு பக்கத்து மைக்குகள்தான் இயங்கும்.

பழையரேடியோ எழுதியது:

மைக் வாயோரம் இருக்க வேண்டும் என்பது ரொம்பப் பழைய ஞானம். 1969-ல் நீல் ஆம்ஸ்ட்ராங் நிலவிலிருந்து பேசியது பிளான்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் ஹெட்செட் வழியாகத்தான். தலைக்கவசத்துக்குள் போட்ட தொப்பியில் மைக் வாய்க்கு நேராக வந்து நிற்கும். அந்த நிறுவனம்தான் பின்னாளில் பாலி என்று பெயர் மாற்றி, 2022-ல் எச்பி கைக்குப் போனது. அவர்களுடைய வாயேஜர் வரிசையில் ஒற்றைக் காதில் மாட்டும், குட்டித் தண்டு மைக் வைத்த ஹெட்செட்கள் உண்டு. பேசுவதற்கென்றே செய்தவை. நான் பயன்படுத்தியதில் காற்றுச் சத்தத்தை அவ்வளவு நன்றாக அடக்கியது வேறில்லை. விலைதான் இந்த பட்ஜெட்டுக்குள் வராது.

ஒற்றைக் காது ஹெட்செட் இப்போது கடைகளில் அருகிவிட்டது. எல்லோரும் பட்ஸுக்குப் போய்விட்டார்கள். ஜாப்ரா ஹெட்செட்களின் தாய் நிறுவனமான ஜிஎன், எலைட், டாக் இரண்டு வரிசைகளையும் நிறுத்தப்போவதாக 2024 ஜூனில் அறிவித்தது. பேசுவதற்காக மட்டும் செய்யப்பட்ட விலை மலிவான நல்ல கருவிகளில் டாக் வரிசை ஒன்று. எனக்கு அது உண்மையிலேயே வருத்தம்.

பட்டறை எழுதியது:

எங்காவது பழைய ஸ்டாக் கிடைத்தால் அவசரப்பட்டு வாங்காதீர்கள். லித்தியம் பேட்டரி பயன்படுத்தாமல் பெட்டிக்குள் இருந்தாலும் வயதாகும். அட்டைப் பெட்டியில் தயாரித்த மாதமும் வருடமும் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனதென்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நான் தொட மாட்டேன். இந்தக் குட்டி பேட்டரிகள் 300 முதல் 500 முழு சார்ஜ் வரை நன்றாக உழைக்கும், அப்புறம் இறங்கத் தொடங்கும். நெக்பேண்டிலும் தலையில் மாட்டும் ஹெட்செட்டிலும் பேட்டரியை மாற்றித் தரலாம், நானே மாற்றியிருக்கிறேன். பட்ஸுக்குள் ஒட்டி மூடிவிடுகிறார்கள். திறந்தால் பெரும்பாலும் உடையும்.

நொய்யலுக்கு என் பரிந்துரை, தலையில் மாட்டும் தண்டு மைக் ஹெட்செட். லாரி ஓட்டுநர்களுக்கும் கால் சென்டருக்கும் என்று விற்கிறார்கள். ஒற்றைக் காதிலும் கிடைக்கும், இரண்டு காதிலும் கிடைக்கும். 1,500 முதல் 2,500 ரூபாய்க்குள் பல இருக்கின்றன. தண்டு வளைந்து நிற்க வேண்டும். தொங்கிப்போகக் கூடாது. மைக்கை வாய்க்கு நேர் முன்னால் வைக்காதீர்கள், மூச்சுக் காற்று அடிக்கும். உதட்டின் ஓரத்தில், ஒரு விரல் இடைவெளியில் நிறுத்துங்கள். தண்டை நெற்றிப் பக்கம் தூக்கினால் மைக் அணைந்துபோகும் வசதி சிலவற்றில் உண்டு, உங்களுக்கு அது ரொம்ப உதவும்.

கரிசல்மண் எழுதியது:

இவ்வளவு எதற்கு? 500 ரூபாய் ஒயர் இயர்போன் வாங்கினால் இதையெல்லாம் விடத் தெளிவாகக் கேட்குமே. சார்ஜும் வேண்டாம்.

வைகைக்கரை எழுதியது:

வீட்டில் உட்கார்ந்து பேசுபவருக்கு நானும் அதைத்தான் சொல்வேன். ஒயரில் குறுகிய பாதை என்ற பிரச்சினையே இல்லை. ஆனால் ஓடும் மிஷின்களுக்கு நடுவில் கழுத்திலிருந்து ஒயர் தொங்கக் கூடாது. பெல்ட்டிலோ சக்கரத்திலோ மாட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். துப்பட்டாவைக் கூட எங்கள் ஊர்த் தையல் கூடங்களில் முடிச்சுப் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள்.

நொய்யல் எழுதியது:

அதே காரணத்துக்காக யூனிட்டில் ஒயர் வேண்டாம் என்று எங்கள் மேனேஜரும் சொல்லிவிட்டார். நெக்பேண்டையும் உள்ளே சட்டைக்குள் விடச் சொல்வார். இப்போதுதான் புரிகிறது, சட்டைக்குள் விட்டால் மைக்கும் துணிக்கு அடியில் போய்விடுகிறது.

சரி, எப்படிச் சோதித்து வாங்குவது? வாங்கியபின் சரியில்லை என்றால் திருப்புவதற்குள் நாள் போய்விடும்.

வைகைக்கரை எழுதியது:

வாட்ஸ்அப்பில் குரல் பதிவு செய்து கேட்டுப் பார்த்தால் போதும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பல போன்களில் அது ஹெட்செட் மைக்கை எடுக்காது, போனின் சொந்த மைக்கையே எடுக்கும். கேட்டுவிட்டு அருமை என்று சந்தோஷப்படுவீர்கள். ஹெட்செட்டை அது சோதிக்கவே இல்லை.

உண்மையான கால்தான் போட வேண்டும். சக ஊழியர் ஒருவரை ஆபீஸ் அறையில் உட்கார வையுங்கள். நீங்கள் யூனிட்டுக்குள் நின்று கூப்பிடுங்கள். 'நல்லா கேக்குதா?' என்று கேட்காதீர்கள், கேட்டால் யாரும் 'ம், கேக்குது' என்றுதான் சொல்வார்கள். உங்கள் ஸ்டைல் நம்பர்களையும் பீஸ் கணக்கையும் ஒரு முறை மட்டும் வாசியுங்கள். அவர் காதில் விழுந்ததை விழுந்தபடி தாளில் எழுதட்டும். பிறகு இரண்டையும் ஒப்பிடுங்கள். எஸ், எஃப், எக்ஸ், எல், பதினாறு, அறுபது எல்லாம் அதில் இருக்கட்டும். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள். கால் ரெக்கார்டிங் இருக்கும் போனில் எதிர்முனையில் பதிவு செய்து நீங்களே கேட்க முடிந்தால் இன்னும் நல்லது. அவரிடம் சொல்லிவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

பட்டறை எழுதியது:

அருமையான சோதனை. கூடவே ஒன்று. சோதிக்கும்போது போன் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. நம் உடம்பில் உள்ள தண்ணீர் அந்த அலையை உறிஞ்சும். ஹெட்செட் வலது காதில், போன் இடது பின்பாக்கெட்டில் என்றால் உடம்பு முழுக்க நடுவில் நிற்கிறது. குரல் விட்டு விட்டுப் போகும், ஹெட்செட் மேல் பழி விழும். போனை ஹெட்செட் இருக்கும் பக்கத்துச் சட்டைப் பையில் வையுங்கள். பலருக்கு இது ஒன்றிலேயே பிரச்சினை பாதி தீர்ந்திருக்கிறது.

பில் இல்லாமல் வாங்காதீர்கள். பேட்டரி உள்ள பொருளில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று காட்டும். பிரபலமான பெயரின் பெட்டிக்குள் வேறு பொருள் வருவதை நான் நேரில் பார்த்தவன். வாரண்டி மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இரவுப்பேருந்து எழுதியது:

பைக் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன் நொய்யல், அதை விட்டுவிடுங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டம் 184-ம் பிரிவில், ஓட்டும்போது கையில் போன் பிடிப்பது அபாயகரமாக ஓட்டுவதில் சேர்ந்துவிட்டது. முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 வரை அபராதமோ, ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை சிறையோ உண்டு. ஹெட்செட் கையில் இல்லையே என்று வாதாடலாம். ஆனால் காதில் ஸ்டைல் நம்பர் ஓடிக்கொண்டிருக்கும்போது கண் ரோட்டில் இருந்தாலும் மனம் அங்கே இருக்காது. நான் ஊர் ஊராகப் போகிறவன். பேசிக்கொண்டே வந்து லாரிக்கு அடியில் போனவரைத் திண்டிவனம் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். ஹெட்செட்டில் தானாகவே கால் எடுக்கும் வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். பல்லடம் ரோட்டில் வண்டியை ஓரம் கட்டிப் பேசினால் எந்த ஷிப்மென்ட்டும் நின்றுவிடாது.

நொய்யல் எழுதியது:

புரிந்தது அண்ணா. பைக்கில் போடப்போவதில்லை.

தலையில் மாட்டும் தண்டு மைக் ஒன்று வாங்கிவிட்டேன். இரண்டு காது வகை, 2,100 ரூபாய். ஆபீஸில் ஒரு பக்கத்தைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டு ஒற்றைக் காதில் பேசுகிறேன். யூனிட்டுக்குள் இரண்டையும் மூடிக்கொள்கிறேன். வைகைக்கரை அக்கா சொன்ன தாள் சோதனையைப் பழைய நெக்பேண்ட், போனின் ஸ்பீக்கர், புது ஹெட்செட் மூன்றிலும் செய்தோம். ஆபீஸ் அறையில் மூன்றுமே தேறிவிட்டன. யூனிட்டுக்குள் நெக்பேண்டில் பாதிக்கு மேல் தப்பு, ஸ்பீக்கரில் எதுவுமே புரியவில்லை. புது ஹெட்செட்டில் எல்லா எண்ணும் சரியாகப் போனது. எழுத்துகளில் மட்டும் ஓவர்லாக் வரிசைக்கு மிக அருகில் நின்றபோது ஒன்றிரண்டு மாறியது. இரண்டாவது சிம்மில் வோல்ட்டி அணைந்திருந்ததையும் கண்டுபிடித்தோம். பையிங் ஆபீஸ் கால்கள் எல்லாம் அந்த சிம்மில்தான் வரும்!

இப்போது எழுத்தைச் சொல்லும்போது கூடவே ஒரு ஊர்ப் பெயரும் சொல்லப் பழகிவிட்டோம். சேலம் எஸ், ஃபரிதாபாத் எஃப். டையிங் மாஸ்டரும் இதைப் பிடித்துக்கொண்டார்.

ஒரே ஒரு சிக்கல். கம்பெனி கொடுத்த இரண்டாவது போனையும் இதோடு இணைத்தேன். இரண்டு போனும் இணைகின்றன. ஆனால் ஒன்றில் பேசிக்கொண்டிருக்கும்போது மற்றதில் வாட்ஸ்அப் மெசேஜ் வந்தால் பேச்சு ஒரு வினாடி அறுந்துபோகிறது. அமைதியாக்கி வைத்தால் கால் வருவதும் தெரியாது. என்ன செய்யலாம்?

செவிவழி எழுதியது:

கேட்க மகிழ்ச்சி நொய்யல். பஞ்சு உறையை வாரம் ஒரு முறை உலர்ந்த துணியால் துடையுங்கள். வியர்வையோடு பஞ்சுத் தூசியும் சேரும் இடம் அது. வேறு யாருக்கும் மாட்டக் கொடுக்காதீர்கள்.

பட்டறை எழுதியது:

இரண்டாவது போனில் புளூடூத் செட்டிங்ஸுக்குப் போய், ஹெட்செட் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பல்சக்கரக் குறியைத் தொடுங்கள். அங்கே போன் கால், மீடியா ஆடியோ என்று இரண்டு பொத்தான் தனித்தனியாக இருக்கும். மீடியா ஆடியோவை மட்டும் அணைத்துவிடுங்கள். மெசேஜ் ஒலியும் வீடியோ ஒலியும் அந்த வழியில்தான் வந்து குறுக்கே புகுகின்றன. போன் கால் பொத்தான் இயங்கினால் போதும், கால் வழக்கம் போல ஹெட்செட்டுக்கு வரும். அப்படியும் அறுந்தால் இரண்டு போனிலும் இணைப்பை மறக்கச் சொல்லிவிட்டு, அதிகம் பேசும் போனைக் கடைசியாக இணையுங்கள். சில மாடல்கள் கடைசியாக இணைந்த போனுக்கு முன்னுரிமை கொடுக்கும்.